குட்டியானைக்குள்ள கேட்ட கீழ்க்கம்பி

போன ஞாயித்துக்கிழமை காங்கயம் ரோட்டுல ஒரு ரிசப்ஷன். மொய் எழுதியாச்சு. பந்தியில எடம் கெடைக்கற வரைக்கும் மேடைக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்தோம், நானும் பெரியப்பாவும்.

மேடையில ஒரு தம்பி வயலின். ஒருத்தர் கீபோர்டு. இன்னொருத்தர் ஒரு மரப்பெட்டி மேல உக்காந்துக்கிட்டு அந்தப் பெட்டியவே தட்டறாரு. ஒரு ராஜா பாட்டு, அதுக்கு நடுவுல ஒரு கீர்த்தனை, உடனே ஒரு இந்திப் பாட்டு. தம்பி நல்லாத்தான் வாசிச்சான். ஆனா எல்லாம் ஓட்டமா ஓடுது. ஒரு ராகம் மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது வந்துருது.

பெரியப்பா என் பக்கம் சாஞ்சாரு.

"என்ன அம்மணி இது? சாம்பார்ல பாயசத்தை ஊத்துன மாதிரி இருக்குது."

"பியூஷன்ங்க பெரியப்பா."

"அதைத்தான் சொல்றேன். கலந்தாலே கெட்டுப்போச்சு. முறையாப் படிச்சவன் எவனும் கலக்க மாட்டான்."

முதல் வரியோட நிறுத்தியிருந்தா நானும் தலையாட்டிட்டு சாப்பிடப் போயிருப்பேன். அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்திருச்சு. முறையாப் படிச்சவன் எவனும்னு சொன்னாரு பாருங்க, அப்போ எனக்கு ஒரே ஒரு ஆள் ஞாபகம் வந்தாரு. பந்தி, பாயசம், பீடா எல்லாம் முடிஞ்சு வண்டி எடுக்கற வரைக்கும் அவரையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எல். சங்கர்.

(ரவி சங்கர் இல்லைங்க. சங்கர் மகாதேவனும் இல்ல. அந்தக் குழப்பத்துக்குக் கீழ வர்றேன்.)

---

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிக்கறேன், புதுசா வந்தவங்களுக்கு. வீட்டுக்குப் பின்னாடியே எங்க நிட்டிங் ஷெட். 6 மெஷின், ஜாப் ஒர்க்தான். நூல் கோன் வரும், துணி ரோலா போகும். 10ஆவது வரைக்கும் வயலின் படிச்சேன். அப்புறம் விட்டுப்போச்சு. வாசிக்கறதுதான் விட்டுச்சு, கேக்கறது விடல.

எல். சங்கர்ங்கற பேரை நான் முதல்ல கேட்டது 90கள்ல. கோயம்புத்தூர் போனப்ப ஒரு கேசட் கடையில கேட்டேன். சித்தார் கேசட்டை எடுத்துக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து போட்டப்பறம்தான் தெரிஞ்சுது. அடுத்த தடவை "வயலின் சங்கர்"னு விவரமாக் கேட்டேன். எல். சுப்பிரமணியம் கேசட் வந்துச்சு. அருமையான வாசிப்பு, இன்னைக்கும் வெச்சிருக்கேன். ஆனா அவர் அண்ணன். நான் தேடுனது தம்பியை.

அண்ணன் தம்பிங்க 3 பேரு. மூத்தவர் எல். வைத்தியநாதன். மால்குடி டேஸ் டிவியில வந்தப்ப அந்த ஆரம்ப இசையைக் கேட்டுட்டு அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தவங்க நம்மள்ல நெறைய பேர் இருப்பாங்க. அதைப் போட்டவர் அவர்தான். 'ஏழாவது மனிதன்' படத்துல பாரதி பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டவரும் அவரே. நடுவுல சுப்பிரமணியம். கடைசியா சங்கர், 1950ல மெட்ராஸ்ல பிறந்தவர்.

அப்பா வி. லட்சுமிநாராயணா, வயலின் வித்வான். யாழ்ப்பாணத்துல இசை சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. பசங்க வளந்தது அங்கதான். 1958 கலவரம் வந்துச்சு. குடும்பம் மொத்தமா மெட்ராசுக்கு வந்துருச்சு. சின்னவருக்கு அப்போ 8 வயசு.

எட்டு வயசுல ஒரு ஊரை விட்டுட்டு வர்ற பையன் எதை எடுத்துக்கிட்டு வருவான்? எங்க ஷெட்டு பக்கத்து லைன் வீடுகள்ல இருக்கற பசங்களைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு இது தோணும். ஒடிசாவுல இருந்து, பீகார்ல இருந்து அப்பா அம்மாவோட ஒரு பையைத் தூக்கிட்டு வந்து எறங்குதுங்க. அந்த வீட்டுப் பசங்க எடுத்துக்கிட்டு வந்தது வயலின். அதுவும் அப்பா சொல்லிக் குடுத்த வயலின், யாரும் பறிக்க முடியாதது.

---

இப்போ பெரியப்பாவோட "முறையாப் படிச்சவன்" விஷயத்துக்கு வர்றேன்.

சங்கர் 1969ல அமெரிக்கா போறாரு. வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1974ல அங்க டாக்டர் பட்டம் வாங்கறாரு. ஆராய்ச்சி எதைப் பத்தித் தெரியுங்களா? தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கற கலையைப் பத்தி. பாடறவருக்குப் பின்னாடி நிழல் மாதிரி போறது எப்படின்னு ஒரு ஆராய்ச்சியே எழுதியிருக்காருங்க. இதை விட முறையா என்னத்தைப் படிக்கறது?

அந்த வெஸ்லியன் ஒரு அதிசயமான எடம். நம்ம ஊர் வித்வான்கள் அங்க போய் வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மிருதங்கம் ராமநாதபுரம் வி. ராகவன். வீணையும் பாட்டும் டாக்டர் எஸ். ராமநாதன். இங்கிலாந்து கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லின் ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டாரு. ஜிம்மி கேரிசனும் அங்க பாடம் நடத்துனாரு.

ஜிம்மி கேரிசன் யாருன்னு கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா இந்தப் பதிவே அவர் வாசிச்ச கருவியைச் சுத்தித்தான் போகப்போகுது. டபுள் பாஸ். ஆள் ஒசரத்துக்கு நிக்குமே, அந்தப் பெரிய வயலின். பழைய ஆர்கெஸ்ட்ரா படத்துல ஓரமா ஒருத்தர் அதைக் கட்டிப்பிடிச்ச மாதிரி நின்னுக்கிட்டு இருப்பாரு. கேரிசன் ஜாஸ் வாசிச்சவர். சாக்சஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் குழுவுல 60கள்ல டபுள் பாஸ் அவர்தான். 1964ல பதிவான 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்துல கீழ இருந்து தாங்கறது அவரோட கை. வில்லு வெச்சும் வாசிப்பாரு, விரலால சுண்டியும் வாசிப்பாரு, சில சமயம் கிட்டார் மாதிரி கம்பிகளைச் சேர்த்து வருடுவாரு.

அப்பேர்ப்பட்ட ஆளோட பழக்கம் சங்கருக்கு. மேல் ஸ்தாயியில பறக்கற நம்ம வயலின் ஒரு பக்கம். தரைக்குக் கீழ இருந்து வர்ற அந்தச் சத்தம் இன்னொரு பக்கம்.

(பக்கத்துல உக்காந்து கேட்டது எவ்வளவு தூரம் உள்ள போச்சுன்னு அவர்தான் சொல்லணும். ஆனா பின்னாடி அவர் செஞ்ச வேலையைப் பாத்தா அந்தச் சத்தம் அவரை விடவே இல்லைன்னுதான் நான் நம்பறேன்.)

1975ல சக்தி குழு. மெக்லாக்லின், சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். முதல் ஆல்பத்துல ராகவனோட மிருதங்கமும் உண்டு. கரண்ட்டுல அலற அலற வாசிச்சுக்கிட்டு இருந்த மெக்லாக்லின், மரக் கிட்டாரோட தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. 3 ஆல்பம். அந்த வேகத்தைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் வேற ஒண்ணைக் கவனிச்சேன்.

சக்தியில பாஸ் கெடையாது.

யோசிச்சுப் பாருங்க. ஜாஸ்லயும் ராக்லயும் பாஸ் இல்லாம ஒரு குழு நிக்கறது அபூர்வம். நம்ம கச்சேரியில அதுக்கு வேலையே இல்ல, தம்புரா போதும், மிருதங்கத்து தொப்பி போதும். சக்தி நம்ம பக்கம் சாஞ்ச குழு, அதனால பாஸ் இல்லாமயே நின்னுச்சு. அது கலைஞ்சு கொஞ்ச நாள்ல, 1980 வாக்குல, சங்கர் கையில ஒரு புதுக் கருவி இருக்கு.

---

10 கம்பி டபுள் வயலின். கழுத்து ரெண்டு, கழுத்துக்கு 5 கம்பி. யோசனை சங்கரோடது. செஞ்சு குடுத்தவர் நியூயார்க்ல கென் பார்க்கர்னு ஒரு கிட்டார் ஆசாரி (பின்னாடி பார்க்கர் ஃப்ளைங்கற கிட்டாரால உலகம் முழுக்கப் பேர் வாங்குனவர்). ஒரு கழுத்து வயலின், வயோலா ஏரியா. இன்னொரு கழுத்து செல்லோ, டபுள் பாஸ் ஏரியா. ஆர்கெஸ்ட்ராவுல 4 வகைக் கருவிகளைத் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டமே உக்காந்து வாசிக்கற பரப்பை ஒரு ஆள் தோள்ல வெச்சுக்கிட்டு வாசிக்கறாரு.

சொல்றதுக்கு லேசா இருக்கு. இது எவ்வளவு கஷ்டமான காரியம்னு நூல் கணக்கு தெரிஞ்ச நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாப் புரியும்.

சாதா வயலின்ல ஆகக் கீழ இருக்கற கம்பி 196 ஹெர்ட்ஸ். டபுள் பாஸ்ல ஆகக் கீழ சுமார் 41 ஹெர்ட்ஸ். அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்குங்க. டபுள் பாஸ் அந்தச் சத்தத்தைக் குடுக்கறதுக்குக் காரணம் அதோட நீளம். கம்பி ஒரு மீட்டருக்கு மேல இருக்கும். வயலின் கம்பி 33 சென்டிமீட்டர்தான். அந்த நீளத்துலயே, அதே இழுப்புலயே 41க்கு எறங்கணும்னா கம்பியோட கனம் சுமார் 23 மடங்கு ஆகணும். 40ஆம் நம்பர் நூல் ஓட்டற மெஷின்ல கயித்தைக் கொண்டு வந்து போடற மாதிரி. அவ்வளவு தடியான கம்பி விறைச்சுக்கும், சரியா உறுமாது. போட்டாலும் வயலினோட சின்ன மர ஒடம்பு அந்த அதிர்வை வெளிய தள்ளாது. அதனாலதான் இது எலக்ட்ரிக். கம்பியோட அதிர்வைப் பிக்கப் புடிச்சு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிருது.

இந்தக் கருவியைப் பத்தி முதல்ல படிச்சப்பவே எனக்கு எங்க இண்டர்லாக் மெஷின்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. வெளியூர்க்காரங்களுக்காகக் கொஞ்சம் விளக்கறேன். சிங்கிள் ஜெர்சி மெஷின்ல ஊசி ஒரே வரிசை, சிலிண்டர்ல நட்டமா நிக்கும். இண்டர்லாக்ல ரெண்டு வரிசை. சிலிண்டர்ல நட்டமா ஒண்ணு, மேல டயல்ல படுக்கையா ஒண்ணு. ரெண்டும் தனித்தனியா ஏறி எறங்கும். வெளிய வர்ற துணி ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் ஒரே முகம். சிங்கிள் ஜெர்சியை வெட்டி வெச்சா ஓரம் சுருண்டுக்கும். இண்டர்லாக் சுருளாது, வெட்டுன எடத்துல அப்படியே படுத்திருக்கும்.

பெரியப்பா சொல்ற "கலக்கறது" வேற. அது மில்லுல பஞ்சையும் பாலியஸ்டரையும் ஒண்ணாப் போட்டு நூக்கற மாதிரி. ஒருக்கா கலந்துட்டா எது எதுன்னு பிரிக்க முடியாது. சங்கர் நூல்ல கை வைக்கல. ஊசி வரிசை ஒண்ணைச் சேத்தாரு.

---

இவ்வளவு பேசறேனே, ஒரு உண்மையைச் சொல்லியாகணும். 2 வருசம் முன்னாடி வரைக்கும் அந்தக் கருவியில பாதியை நான் கேட்டதே இல்ல.

நெட்டு வந்தப்பறம் தேடித் தேடிக் கேட்டேன். ராத்திரி ஷிப்ட்டுல மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, போன்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாஸ் பாஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எங்கேன்னு ஒரு சந்தேகம். கீழ எறங்கி வாசிக்கறது தெரியுது, கனம் தெரியல.

முதல்ல இயர்போன் வாங்குனேன். கொஞ்சம் பரவால்ல. ஆனா ஷெட்டுல மெஷின் உறுமல் அதே கீழ் ஸ்தாயியில ஓடிக்கிட்டு இருக்கு, ரெண்டும் கலந்துருது. வீட்டுல ஒரு ப்ளூடூத் பெட்டி வாங்குனேன், உள்ளங்கை அளவு. அதுல டும்முனு ஒரே சத்தம், எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி டும்முனு. அதைப் பையன்கிட்டக் குடுத்துட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அவசரமா 12 ரோலு சாயத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. கூடவே நானும் போய் ஷேடு பாக்கணும். நம்ம ரெகுலர் குட்டியானை (சின்ன லோடு வண்டிங்க) டிரைவர் தம்பிக்குப் பக்கத்துல உக்காந்தேன். சீட்டுக்குப் பின்னாடி ஒரு சப்வூஃபர் மாட்டி வெச்சிருக்கான்.

"ராஜா சார் பாட்டுல பாஸ் கேக்கணும்ங்க அக்கா. அதுக்குத்தான் மாட்டுனது. சும்மா ஸ்பீக்கர்ல கேட்டா பாதிப் பாட்டுதான் வரும்."

அந்த "பாதிப் பாட்டு" எனக்குச் சுருக்குனு பட்டுச்சு. என் போனை அவன் செட்டுல கனெக்ட் பண்ணச் சொன்னேன். சங்கரோட 'ஹூஸ் டு நோ' ஆல்பத்தைப் போட்டேன்.

நொய்யல் பாலம் தாண்டறோம். தம்புரா. வயலின் மேல ஆலாபனை பண்ணிக்கிட்டு இருக்கு. அப்படியே எறங்குது. நான் இத்தனை வருசம் கேட்ட எடத்துல அது முடிஞ்சுரும். இந்தத் தடவை முடியல. இன்னும் எறங்குச்சு. கமகத்தோட எறங்குச்சு. சீட்டு அதிருது, என் முதுகு அதிருது, பின்னாடி ரோலுங்களுக்கே கேட்டிருக்கும் போல.

தம்பி வண்டியை ஓரமா நிறுத்திட்டான்.

"அக்கா, இது என்னங்க, செல்லோவா?"

"வயலின்டா."

"போங்கக்கா."

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். போன் ஸ்பீக்கர்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ ரொம்பக் கொஞ்சம்தான் வருமாம். ஆனா ஒரு கம்பி அதிர்ந்தா அதோட அடிச்சத்தம் மட்டும் வராது, அதுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு சத்தமும் கூடவே வரும். அந்த மேல் சத்தங்களை வெச்சு நம்ம மூளை கீழ இருக்கற ஸ்வரத்தைக் கணக்குப் போட்டுக்குது. அதனால ஸ்வரம் தெரியும், அந்தக் கனம் வராது. நான் வருசக்கணக்கா கேட்டது மூளை போட்ட கணக்கு. அன்னைக்கு நொய்யல் பாலத்துகிட்ட கேட்டதுதான் கம்பி.

(இதைப் படிக்கறவங்க போன்ல பாட்டு போட்டுட்டு "என்னங்க பெருசா இருக்கு"ன்னு கேக்காதீங்க. ஒரு நல்ல ஸ்பீக்கர், இல்லைன்னா காதை மூடற மாதிரி ஹெட்போன். அவ்வளவு போதும்.)

---

'ஹூஸ் டு நோ' 1980ல பதிவானது. ஜெர்மனி கம்பெனி, ஈசிஎம். ஐரோப்பாவுல ஜாஸ் கேக்கறவங்க உசுரா நெனைக்கற கம்பெனி. புதுக் கருவி, புது ஊரு, புது ஆளுங்க. அங்க போய் சங்கர் என்ன வாசிச்சிருக்கணும்? யாரா இருந்தாலும் வேடிக்கை காட்டத்தான் தோணும். அவர் வாசிச்சது ராகம் தானம் பல்லவி. நம்ம கச்சேரியில ஆகக் கனமான அங்கம். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன். தபலா ஜாகிர். தாளம் போட்டது யாரு?

அப்பா. லட்சுமிநாராயணா.

அந்த ஆல்பத்தோட அட்டையில இதைப் பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. யாழ்ப்பாணத்துல வயலின் பிடிக்கக் கத்துக் குடுத்தவரு, பையன் 10 கம்பியோட எவனும் போகாத எடத்துக்குப் போறப்ப பக்கத்துல உக்காந்து கையில தாளம் போட்டுக்கிட்டு இருக்காரு.

பெரியப்பாவுக்கு நான் சொல்ல நெனச்ச பதில் இதுதான். சங்கர் தாண்டிப் போனது நெசம். போன எடத்துக்கெல்லாம் தாளம் கூடவே போச்சு.

அவர் போன எடங்களைச் சொன்னா தலை சுத்தும். 1979ல அவரோட 'டச் மீ தேர்', தயாரிச்சவர் ஃப்ராங்க் ஜாப்பா, ராக் உலகத்துல யாருக்கும் அடங்காத ஆளு. 1981ல ஃபில் காலின்ஸோட முதல் தனி ஆல்பம். 1983ல டாக்கிங் ஹெட்ஸ். 1986ல பப்ளிக் இமேஜ் லிமிடெட், பங்க் பாடி ஊரையே ரெண்டாக்குன ஜான் லைடனோட குழு. இந்த மத்தவங்க ஆல்பம் எல்லாத்துலயும் பேரைப் படிச்சுக்கிட்டே போனீங்கன்னா ஒரு ஓரத்துல சங்கர்னு இருக்கும். எல்லாத்தையும் நான் ரசிச்சுக் கேட்டேன்னு சொல்ல மாட்டேன். அவரே பாடி, கூட இன்னொருத்தரும் பாடி, 80கள்ல வந்த பாப் பாட்டெல்லாம் எனக்கு ஒட்டல. டிரம் மெஷின் சத்தம் காதுல நிக்குது, அவர் நிக்கல.

ஆனா 'விஷன்' இருக்கே, 1983. மூணே பேரு. சங்கர், நார்வேக்காரர் யான் கார்பாரெக் சாக்சஃபோன், டென்மார்க்காரர் பாலெ மிக்கெல்போர்க் டிரம்பெட். தபலா கெடையாது, மிருதங்கம் கெடையாது, பாஸ் வாசிக்கத் தனியா ஆள் கெடையாது. பனி விழற ஊர்க்காரங்க ரெண்டு பேரு நீளமா ஊதறாங்க. அதுக்கு அடியில அந்தக் கீழ்க்கழுத்து ஒரு தரை போட்டுக் குடுக்குது. அதே ஆளு அடுத்த நிமிசம் மேல் கழுத்துக்குப் போறாரு, இவங்களோட சேந்து பாடறாரு. தரையும் அவரே, தரை மேல நடக்கறதும் அவரே. மார்கழி மாசம் விடியக்காலை 5 மணிக்கு மொட்டை மாடியில கேட்டேன். (நம்ம ஊர்ல பனி இல்லைன்னாலும் அந்த நேரத்துல ஒரு மூட்டம் இருக்கும்.) எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம் இதுதான். ஹூஸ் டு நோவை விட.

அப்புறம் 1988ல ஸ்கார்செஸி எடுத்த ஏசுநாதர் படத்துக்கு பீட்டர் கேப்ரியல் இசை. 'பேஷன்'னு 1989ல ஆல்பமா வந்துச்சு, கிராமி வாங்குச்சு. சங்கரோட டபுள் வயலினும் குரலும் அதுல இருக்கு. பாலைவனத்துல நடக்கற கதைக்கு நம்ம ஊர் கமகம். அதுக்கப்பறம் கேப்ரியலோட உலகம் சுத்தி மேடை ஏறுனாரு. அதே காலத்துல, 90கள்ல, ஜாகிரோடயும் விநாயக்ராமோடயும் உக்காந்து 'ராக ஆபேரி' வாசிச்சாரு. ராக் மேடையிலயே தங்கிப் போன ஆளா இருந்தா ஆபேரிக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

---

டபுள் பாஸ் பத்திப் பேசிட்டு எட்கர் மேயரைச் சொல்லாம விட்டா பாவம். அமெரிக்காவுல டென்னசிக்காரர், 1960ல பொறந்தவர். டபுள் பாஸ்தான் அவரோட உசுரு. ஐரோப்பிய சங்கீத மேதை பாக் எழுதுனதையும் வாசிப்பாரு, கிராமத்து பாஞ்சோ பாட்டுக்கும் வாசிப்பாரு, கான்செர்ட்டோவும் எழுதுவாரு. செல்லோவுக்குப் பாக் எழுதுனதைத் தூக்கி டபுள் பாஸ்ல வாசிச்சுப் பதிவு பண்ணியிருக்காரு. ஜாகிர் உசேனும் பாஞ்சோ பேலா ஃப்ளெக்கும் அவரும் சேந்து, ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதுனது 'தி மெலடி ஆஃப் ரிதம்', 2009ல ஆல்பமா வந்துச்சு. 2023ல புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவும் சேந்து 'ஆஸ் வி ஸ்பீக்'. அதுக்கு 2024 பிப்ரவரியில 2 கிராமி. அதே ராத்திரி, மறுபடியும் சேந்த புது சக்திக்கும் ஒண்ணு. மூணுலயும் ஜாகிர் இருந்தாரு. அந்த வருசம் டிசம்பர்ல அவர் போயிட்டாரு.

(சங்கர் குழப்பத்துக்கு இங்கதான் விடை. அந்தப் புது சக்தியில பாடுனவர் சங்கர் மகாதேவன். பழைய சக்தியில வயலின் எல். சங்கர். ரெண்டு சங்கரும் ஒரே குழு, வேற வேற காலம். போதாததுக்கு எல். சங்கர் இங்கிலீஷ்ல தன் பேரை ஷெங்கர்னும் எழுதியிருக்காரு. கேசட் கடைக்காரரை நான் எதுக்குக் குத்தம் சொல்லணும்?)

எட்கர் மேயர் பெரிய கருவியோட மேல் ஸ்தாயிக்கு ஏறிப் போய், வயலின் வாசிக்கறதை எல்லாம் டபுள் பாஸ்ல வாசிச்சுக் காட்டுனவர். சங்கர் சின்னக் கருவியோட கீழ எறங்கி டபுள் பாஸ் வரைக்கும் போனவர். ஒருத்தர் கெணத்துக்குள்ள இருந்து மேல ஏறி வர்றாரு, ஒருத்தர் மேல இருந்து உள்ள எறங்கறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல தபலாவோட உக்காந்திருந்தவர் ஜாகிர். இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாசிச்சா எப்படி இருக்கும்னு ராத்திரி ஷிப்ட்டுல உக்காந்து யோசிக்கறது எனக்கு ஒரு சுகம்.

---

இவ்வளவையும் பெரியப்பாகிட்ட மண்டபத்துல சொல்ல முடியல. புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

முதல்ல வயலின் கதை. "வயலின் யாரோடதுங்க பெரியப்பா?"

"நம்முளுது. இல்லாமக் கச்சேரி ஏது?"

"முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டுல இருந்து கத்துக்கிட்டதுங்க. 200 வருசம்தான் ஆச்சு. தஞ்சாவூர் வடிவேலு வாசிக்கறதைக் கேட்டு சுவாதித் திருநாள் மகராஜா யானைத் தந்தத்துல வயலின் செஞ்சு குடுத்தாரு, 1834ல. அன்னைக்கு யாராவது கலக்காதேன்னு சொல்லியிருந்தா?"

"அது வேற" அப்படின்னாரு. (பெரியவங்க "அது வேற"ன்னு சொன்னா பாதி ஜெயிச்சாச்சுன்னு வெச்சுக்கலாம்.)

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சுட்டு, நம்ம குட்டியானையை அவர் வீட்டு வாசல்ல நிறுத்தச் சொன்னேன். டிரைவர் தம்பி ரொம்ப உற்சாகமா முன் சீட்டைத் தொடைச்சு வெச்சிருந்தான். பெரியப்பாவை ஏத்தி உக்கார வெச்சோம். கதவைச் சாத்துனோம். ஹூஸ் டு நோ.

கண்ணை மூடிட்டாரு. ராகம் முழுக்கப் பேசல. கீழ்க்கழுத்து வந்தப்ப புருவம் மட்டும் ஏறுச்சு. பல்லவி ஆரம்பிச்சதும் தொடையில கை தானாப் போட ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு எடத்துல கை நின்னுச்சு, திரும்பப் புடிச்சாரு.

முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கழிச்சு, "தாளம் கேக்குதே, யாரு போடறது?"

"அவரோட அப்பாங்க."

"ம்." அப்புறம், "கீழ அந்த யானை உறுமற சத்தம் எனக்கு வேண்டாம். மேல வாசிக்கறது நல்லா இருக்குது. பையன் முறையாப் படிச்சிருக்கான்."

எழுவது தாண்டுனவரைப் பையன்ங்கறாரு. சரி.

கீழ்க்கம்பி வேண்டாம்னு சொன்னதுல எனக்கு வருத்தம்தான். அடுத்த சனிக்கிழமை விஷன் போடறதா இருக்கேன். அதுல மிருதங்கம் இல்ல, தாளம் போட அப்பாவும் இல்ல, புடிச்சுக்கறதுக்கு அந்தக் கீழ்க்கம்பி மட்டும்தான் இருக்கு. தம்பிகிட்ட வண்டியை 6 மணிக்கே கொண்டு வரச் சொல்லியிருக்கேன்.